ஆயாவின் தோஸ்து

என் தாய்மாமனை யாராவது நல்ல மனிதர் என்று சொன்னால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுவேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று என் மகள் கேட்கிறாள். ஆயாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அவரை மட்டும் விட்டுவிட எனக்கு வழி தெரியவில்லை.

ஆயா என் அம்மாவைப் பெற்றவள். ராயபுரத்தில், ஹார்பர் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் மாமாவின் வீடு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். அதனால் அம்மாவும் நானும் மாமா வீட்டோடு இருந்தோம். கரிக்கப்பல் வந்து நிற்கும் நாட்களில் கொடியில் காயும் துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. மாமா மட்டும் அந்தக் கரி தன் மேல் படாதவர் போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் கம்பெனி ஆபீசுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போவார்.

ஆயா தினமும் முதல் பூசைக்குப் போகிறவள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, இடுப்பில் செருகிய செபமாலை, தலையில் முக்காடு. செபமாலை சொல்லிக்கொண்டே மீன் கழுவுவாள், அரிசி களைவாள். நடுவில் பால்காரன் வந்தால் செபத்தை அப்படியே நிறுத்தி, "இன்னாடா, இத்த பாலுன்னு ஊத்துறியே, உன் கண்ணு நொள்ளையா?" என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு, விட்ட மணியிலிருந்து மறுபடி தொடங்குவாள். மாதாவிடம் பேசுவதும் அப்படித்தான். கேட்டது கிடைக்காவிட்டால், "உனக்கு நா இன்னா கொற வெச்சேன்?" என்று சுரூபத்தின் முகத்துக்கு நேரே சண்டை போடுவாள். சனிக்கிழமை தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். அங்கே போய்ச் சொல்ல அவளிடம் அப்படி என்ன பாவம் இருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

ஒரு பாவம் எனக்குத் தெரியும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழைக் குடிப்பாள். அதைக் கொண்டுவந்து கொடுப்பவள் அவளுடைய சிநேகிதி. எங்கள் கோயிலில் அது பெரிய குற்றம். ஆயா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடிப்பாள். அந்தச் சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் சொல்லி, அபராதமாக இத்தனை செபம் என்று வாங்கிக்கொண்டு வருவாள். அடுத்த ஆடியிலும் குடிப்பாள்.

அந்தச் சிநேகிதியைத் தெருவே "ஆயாவோட தோஸ்து" என்றுதான் சொல்லும். ஆயாவும் அப்படியே சொல்வாள். இரண்டு பேரும் இளவயதில் ஹார்பரில் கரிக்கூடை தூக்கியவர்கள். தாத்தா கப்பலில் சரக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து செத்துப் போனார். அப்போது அம்மாவுக்கு நடக்கிற வயது, மாமா ஆயாவின் வயிற்றில். தோஸ்துவின் புருஷன் ரங்கூனுக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளையும் பால் குடிக்கிற பருவத்திலேயே போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் மாமா பிறந்தார். பிரசவக் காய்ச்சலில் ஆயா நினைவில்லாமல் கிடந்தாள், பாலும் வற்றிப் போனது. தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தோஸ்து மாமாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் மாமா குடித்தது அவள் பாலைத்தான். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சின்ன வயதில் மாமா இரண்டு பேரையுமே "ம்மா" என்றுதான் கூப்பிடுவார் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆயா வரும்போது தோஸ்து பின்கட்டில் உட்கார்ந்திருப்பாள். நெற்றியில் பெரிய குங்குமம், மடியில் புகையிலைப் பை. இரண்டு கிழவிகளும் புகையிலையைக் கிள்ளி அடக்கிக்கொண்டு பழைய மேஸ்திரிகளை வசைபாடிச் சிரிப்பார்கள். "உங்க சாமியாரு இன்னா சொன்னாரு?" என்று அவள் கேட்பாள். ஆயா அன்றைய பிரசங்கத்தை தனக்குத் தெரிந்த மாதிரி சொல்வாள். அப்பன் சொத்தை அழித்த கெட்ட மகன் பன்றித் தவிட்டைத் தின்ற கதையைக் கேட்டுவிட்டு தோஸ்து, "அந்தப் பையன் கரி தூக்கி பொயச்சிருக்கலாமே, பன்னி மேய்க்கப் போவானேன்?" என்றாள். ஆயா அதற்கு ஒரு வாரம் சிரித்தாள்.

குமாஸ்தா ஆனதும் மாமா "இன்னா" சொல்வதை விட்டுவிட்டார். வீட்டிலும் "என்ன" தான். தோஸ்து வந்தால் முன்வாசல் வழியாக வர வேண்டாம் என்று மாமியை விட்டுச் சொல்ல வைத்தார்.  மறுவாரம் ஆயா தோஸ்துவைத் தானே கையைப் பிடித்து முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது தோஸ்துவின் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. புகையிலை அடக்குகிற இடத்தில். சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றாள். அது ஆறவில்லை. சில மாதங்களில் கன்னம் வீங்கி, தோல் மினுமினுத்து, ஒரு நாள் வெளியே ஓட்டை விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஆயாதான் கூட்டிக்கொண்டு நடந்தாள். கடைசியில் அங்கே, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தோஸ்துவுக்கு வீடு என்று இருந்தது ஒரு குடிசையின் ஒட்டுத் தாழ்வாரம். ஆயா அவளை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டு அறையில் தான் படுக்கும் பெஞ்சில் படுக்க வைத்தாள். தனக்குத் தரையில் பாயை விரித்துக்கொண்டாள்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு நாற்றம் புதிதல்ல. கருவாடு, தோல் கிடங்கு, சாக்கடை எல்லாம் சேர்ந்த காற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். இது வேறு. அது வந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் சோற்றில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் தாவணியை நானே முகர்ந்து பார்ப்பேன். ஊற்றிய கஞ்சித் தண்ணீரில் பாதி கன்னத்து ஓட்டை வழியாக வழியும். ஒரு நாள் அந்தப் புண்ணுக்குள் ஏதோ அசைந்ததைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன்.

ஆயா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் புண்ணைக் கழுவுவாள். கற்பூரத் தைலத்தைத் துணியில் நனைத்து வைத்து, வெளியே வரும் புழுக்களைக் குச்சியால் எடுத்துப் போடுவாள். முகத்தைச் சுளிக்க மாட்டாள். பேசிக்கொண்டே செய்வாள். எல்லாம் முடித்து, கை கழுவி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, சாக்கடை ஓரம் வந்து குனிந்து வாந்தி எடுப்பாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உள்ளே போவாள். அது தினமும் நடந்தது.

"உனக்கு நாத்தமா இல்லியா, ஆயா?" என்று கேட்டேன்.

"நாறுது. நாறாம இன்னா பண்ணும்? கரி தூக்கினப்ப நா மட்டும் மணந்தேனா? அவ என்னிய மூக்கப் பொத்திக்கினா பாத்தா?"

மாமா வாசல் பக்கத்து அறையை விட்டு வருவதில்லை. கைக்குட்டையில் யுகலிப்டஸ் தைலம் விட்டு மூக்கருகே வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒரு தடவைகூடப் பின்கட்டுக்குப் போய் அவளை எட்டிப் பார்க்கவில்லை. அவர் குரல் கேட்கும்போதெல்லாம் தோஸ்து தலையைத் திருப்புவாள். அப்போது அவளுக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. ஆயா அவளுக்காகச் சொல்வாள்: "ஆபீஸ்ல வேல ஜாஸ்தியாம்மே. வருவான்."

அக்டோபர், செபமாலை மாதம் வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் அந்த மாதம் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு நாள் மாலை ஒரு வீட்டுக்கு ஊர்வலமாக வந்து, தெருவே கூடிச் செபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். ஆயா எத்தனையோ வருஷமாக அதற்கு ஏங்கினாள். கரிக்காரி வீட்டுக்கு யார் கொண்டுவருவார்கள்? அந்த வருஷம் மாமாவைத் திருவிழாக் குழுவில் சேர்த்திருந்தார்கள். அதனால் எங்கள் வீட்டுக்கும் முறை வந்தது. செய்தியைக் கேட்ட ஆயா அடுப்படியிலேயே முழங்காலில் விழுந்து அழுதாள். பிறகு எழுந்து, "என் தோஸ்துக்கும் சொல்லணும். அவளும் பாக்கட்டும்" என்று பின்கட்டுக்கு ஓடினாள்.

மாமாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"அம்மா, நாலு பெரிய மனுஷங்க வர்ற எடம்" என்றார் அன்று சாயங்காலம். "சாமியாரே வந்தாலும் வருவார். இந்த நாத்தத்துல எப்படி?"

"சாம்பிராணி போடலாம்."

"போட்டுப் பார்த்தாச்சும்மா. கொஞ்ச நாளைக்கு வேற எங்கியாவது..."

"வேற எங்கடா? அவளுக்கு வேற எங்க கீது? மாதா பாக்காத புண்ணா? அவ புள்ளைய சிலுவைலருந்து எறக்கி மடியில போட்டப்ப அந்த ஒடம்புல இல்லாத புண்ணா?"

மாமா பேசாமல் எழுந்து போய்விட்டார். ஆயா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சுரூபம் வருகிற அன்று விடியற்காலை ஆயா வழக்கம் போலப் பூசைக்குப் போனாள். அன்று வீட்டுக்காக ஒரு விசேஷப் பூசை, அது முடிந்து சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வர நேரமாகும் என்று மாமாவுக்குத் தெரியும். நான் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சந்து முனை ரிக்‌ஷாக்காரர் உள்ளே வந்தார். மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குள் போனார். போன வேகத்திலேயே, விரித்திருந்த விரிப்போடு தோஸ்துவைச் சுருட்டி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் மாமாவையே பார்த்தாள். அத்தனை நாளும் வராதவன் வந்துவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ, கையை நீட்டி அவர் சட்டையைத் தொட்டாள். மாமா, "சீ!" என்று உதறினார். ரிக்‌ஷாவின் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே வந்து, அந்தச் சட்டையைக் கழற்றி மாமியிடம் எறிந்து, வெந்நீரில் போடச் சொன்னார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நாங்கள் இருந்தது அவர் வீட்டில்.

ஆயா வந்தபோது பின்கட்டு கழுவி விட்டிருந்தது. பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது.

"அவங்க சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார் மாமா, கூடத்தில் காகிதத் தோரணம் கட்டியபடி. ஏணியை விட்டு இறங்கக்கூட இல்லை.

 ஆயா முக்காட்டை எடுக்காமலே திரும்பி வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சந்து முனையில் ரிக்‌ஷாக்காரர் வண்டி இருக்கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கடா வுட்ட?"

"ஆயா, உம் புள்ளதான்... திருவொற்றியூரு கோயிலாண்ட சத்திரத்துல எறக்கி வுட்டுட சொன்னாரு. சத்திரத்துக்காரன் உள்ள சேத்துக்கல. வெளிய கொளத்தாண்ட வுட்டுட்டு வந்துட்டேன். என்னிய ஒன்னும் நெனச்சுக்காத, ஆயா."

பஸ்ஸில் போனோம். ஆயா வழியெல்லாம் செபமாலையைக் கையில் பிடித்திருந்தாள், உதடு அசையவில்லை. குளக்கரைப் படியோரம், பிச்சைக்காரர்கள்கூடத் தள்ளி உட்கார்ந்திருந்த இடத்தில், தோஸ்து வெயிலில் கிடந்தாள். புண்ணின் மேல் ஈ அடைபோல மொய்த்திருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் தூரத்தில் நின்று வீசிய வாழைப்பழம் அவள் காலருகே கிடந்தது. வாயே இல்லாதவளுக்கு வாழைப்பழம்.

ஆயா தன் முக்காட்டை எடுத்து அவள் முகத்தில் போட்டு ஈயை ஓட்டினாள். பூசைக்கென்று வைத்திருந்த வெள்ளைத் துணி அது. "வந்துட்டம்மே" என்றாள். "எங்கியும் போவல, வந்துட்டேன்." பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு மகனைத் திட்டினாள். "கஸ்மாலம்! பேமானி! எம் வயித்துல வந்துச்சே அது!" என்று அவள் போட்ட கூச்சலில் குளக்கரையே திரும்பிப் பார்த்தது. மாதாவையும் சேர்த்துத் திட்டினாள். நீ வர்ற அன்னிக்கா இது, வழிய வுட்டு வேற வூட்டுக்குப் போயிருக்கக் கூடாதா என்று.

எந்த வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் எண்ணூர்ப் பக்கம் உப்பளத்திலிருந்து வந்த ஒரு மாட்டு வண்டிக்காரர் மூட்டைகளை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். உப்பு மூட்டைகளுக்கு நடுவில் தோஸ்துவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆயா வந்தாள். வீட்டுக்கு வரவில்லை. காசிமேட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்தில், பழைய கரிக்கூடைக் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் வலை போட்டு வைக்கும் கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் ஆயா என்னைப் போகச் சொன்னாள்.

"மாதா வந்திருப்பா. போய் செபம் சொல்லு."

"நீ வரலியா?"

"அவளுக்கு நா இங்க கீறேன்னு தெரியும்."

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மல்லிகை, சாம்பிராணி, மெழுகுவர்த்தி. வெள்ளைத் துணி விரித்த பீடத்தின் மேல் மாதா. துணி ஒரு பக்கம் ஏறியிருந்த இடத்தில் பீடத்தின் கால் தெரிந்தது. மூலை உடைந்து ஆணி அடித்த அந்தக் காலை எனக்கு நன்றாகத் தெரியும். அது ஆயாவின் பெஞ்சு. காலையில் தோஸ்துவைச் சுருட்டி எடுத்த பெஞ்சு. துடைத்து, துணி விரித்து, மேலே மாதாவை ஏற்றிவிட்டார்கள். அதன் முன்னால் மாமா புதுச் சட்டையில் முழங்காலிட்டுக் கண்ணை மூடி, எல்லாரையும் விட உரக்கச் செபம் நடத்திக்கொண்டிருந்தார். 

செபம் முடிந்து கற்கண்டு கொடுக்கும்போது மாதா சபைத் தலைவி, "எங்கே அம்மாவைக் காணோம்? இந்த நாளுக்குத்தானே காத்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

மாமா கொஞ்சமும் தடுமாறவில்லை. "வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தாங்க. கால்நடையாத்தான் போவேன்னு பிடிவாதம். தடுத்துப் பார்த்தேன், கேக்கல" என்றார். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எப்பேர்ப்பட்ட பக்தி என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தலைவி என் கன்னத்தைத் தடவி, "ஆயா எப்பம்மா கிளம்பினாங்க?" என்றாள்.

"இப்பதான் உப்பு வண்டில வந்து எறங்கினாங்க" என்றேன். "குப்பத்துல வலைக் கொட்டகையில கீறாங்க. தோஸ்துவ மாமா ரிக்‌ஷாவுல போட்டு அனுப்பிட்டாரு, திருவொற்றியூரு கொளத்தாண்ட. ஆயாதான் போய்த் தூக்கினு வந்தாங்க."

 மாமா சிரிக்கப் பார்த்தார். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்றார்.  கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அதன் பிறகு மாமாவிடம் நான் வாங்கிய அடியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அம்மா நடுவில் வந்து விழுந்து தடுத்தாள்.

பங்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது. திருவிழாக் குழுவில் முகம் காட்ட முடியாமல் மாமா சில நாள் கோயில் பக்கமே போகவில்லை. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு நம்ப முடியாதது அதுதான்.

ஒரு சாயங்காலம் அம்மா கொடுத்த கஞ்சித் தூக்கோடு நான் கொட்டகைக்குப் போனபோது மாமா அங்கே வந்திருந்தார். கூடவே எங்கள் கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார், கையில் தீர்த்தச் செம்பு. மாமா மணலில் கைக்குட்டையை விரித்து அதன் மேல் நின்றிருந்தார்.

"அம்மா, நான் செஞ்சது தப்புதான்" என்றார், குரலை இறக்கி. "அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன். அவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துடலாம். அப்புறம் நம்ம வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஆபத்துல இருந்த ஒரு ஆத்துமாவை நம்ம குடும்பம் மோட்சத்துக்குச் சேர்த்ததா இருக்கும். சாமியாரே பிரசங்கத்துல சொல்வார். நம்ம கல்லறையிலயே இடம் கேக்கலாம்."

ஆயா புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"அவ கேட்டாளா?"

"அவங்களால பேச முடியாதேம்மா."

"அத்தத்தான் நானும் சொல்றேன். வாயில்லாதவ மேல தண்ணியத் தெளிச்சிட்டு உனுக்கு மோட்சமா? நா கேட்டுட்டேன்டா, போன வாரமே கேட்டுட்டேன். ஏம்மே, நா போற எடத்துக்கு நீயும் வர்றியான்னு. மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா. எம் மனசு இன்னா பாடு பட்டுதுன்னு எனக்குத்தான் தெரியும். அதோட வுட்டுட்டேன். நீ யாரு கேக்க?"

உபதேசியார் நல்ல மனிதர். செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் வர்றேன்மா" என்று நகர்ந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு விசுவாசமே இல்லையா? நரகத்துக்குத்தான் போவா இவ" என்றார்.

ஆயா எழுந்தாள். புண் கழுவிய தண்ணீர் கிண்ணத்தில் இருந்தது. அதை அவர் மேல் ஊற்றப்போகிறாள் என்று நினைத்தேன், ஊற்றட்டும் என்று மனசார வேண்டினேன். அவள் அவரைத் தாண்டிக்கொண்டு போய் அதைக் கடலோரத்தில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இவ பால்ல வளந்த ஒடம்புடா உன்னுது" என்றாள். "இவ நரகத்துக்குப் போனா உனக்கு எங்க எடம் வெச்சிருக்காங்கன்னு நீயே சாமியாரக் கேளு. போ."

மாமா போனார். போகும்போது கைக்குட்டையை எடுக்கவில்லை. பிறகு அதை ஒரு நாய் இழுத்துக்கொண்டு போனது.

தோஸ்து அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம், ஆயா அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. குங்குமத்தைக் கையாலும் தொடாத ஆயா, குப்பத்துப் பெண்களிடம் வாங்கி அவள் நெற்றியில் பெரிதாக வைத்தாள். எப்போதும் வைத்துக்கொள்கிற அளவுக்கு வரும் வரை விரலால் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள். குப்பத்து ஆண்கள் தூக்கிப் போனார்கள். ஆயா கடல் வரைக்கும் போய்க் கைகால் கழுவிவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஒரு பூசை கேட்டாள். யார் ஆத்துமாவுக்கு என்று அவர் கேட்டார். சிநேகிதிக்கு என்றாள். அவர் வேறெதுவும் கேட்காமல் தலையசைத்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த வருஷக் கடைசியில் அப்பா கப்பலிலிருந்து வந்ததும், அம்மா முதல் முறையாக வாய் திறந்து, இனி இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். தண்டையார்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம் போனோம். ஆயாவும் எங்களோடு வந்துவிட்டாள். மாமா கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவார், ஆயாவின் காலைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அவள் தடுப்பதில்லை. காபி போட்டுக் கொடுக்கச் சொல்வாள். தினமும் செபமாலையில் அவருக்காக ஒரு பத்து மணி சொல்வாள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். "அவருக்கு எதுக்கு ஆயா?" என்பேன்.

"பெத்துட்டேனே" என்பாள் சலிப்போடு. வேறு காரணம் அவள் சொன்னதே இல்லை.

சில வருஷம் கழித்து ஆயா தூக்கத்திலேயே போனாள். மாமா வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். பேண்டு வாத்தியம், பூ அலங்காரம், கறுப்புப் பட்டை. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கோயில் கூடத்தில் சாப்பாடு போட்டார். அதற்குள் அவர் திருவிழாக் குழுவுக்கே தலைவர். எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். புற்றுநோய் வந்த ஓர் ஏழை இந்துப் பெண்மணியைத் தாயாரும் தானுமாகச் சொந்த வீட்டில் வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டதைச் சொன்னார். "புழுவைக் கையால எடுத்தோம்" என்றார். "எடுத்தோம்" என்றே சொன்னார். கூடத்தில் பலர் அழுதார்கள். புதிதாக வந்திருந்த சாமியார் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று உண்மை தெரிந்தவர்களும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாதா சபைத் தலைவி இருந்தாள். கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போனவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கறி நன்றாக இருந்தது போலிருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்தாள்.  நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்தோம். மாமி பின்னாலேயே வந்து, "அவரு பேசறப்ப எழுந்து போறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள்.

அம்மா திரும்பவே இல்லை. வெளியே வந்து குழாயைத் திறந்து, ஒன்றும் சாப்பிடாத வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு நானும் கொப்பளித்தேன். பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தே போனோம்.